கண்ணாடி டம்ளர் மாப்பிள்ளை

உங்கள் வீட்டில், நீங்களே வாங்கிப் போட்ட டம்ளரில் உங்களுக்கு டீ ஊற்றலாமா வேண்டாமா என்று இன்னொருவர் முடிவு செய்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ரொட்டி மாஸ்டருக்கு அப்படித்தான் இருந்தது. மாமனார் வரும்போதெல்லாம் வீட்டில் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வரும். அவனுக்கு மட்டும் ஒரு பச்சை பிளாஸ்டிக் டம்ளர். அதில் ஒரு வாத்து பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். வாத்துக்குப் பல் உண்டா என்று அவன் ஒருநாள் கேட்டான். அடுத்த தடவையும் அதே வாத்துதான் வந்தது.

"மாப்பிள்ளைக்குக் கண்ணாடி வேணாம்மா. அவருக்குக் கொஞ்சம் அவசரக் கை" என்பார் மாமனார். மரியாதையாகத்தான் சொல்வார். அதுதான் இன்னும் எரிச்சல்.

மாமனார் கார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதுக் கார் வெளியே போவதற்கு முன் அதில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஒரு சின்ன டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, தகரத்தின் மேல் மூக்கு உரசுகிற மாதிரி பார்ப்பார். அங்கே அவருக்குக் கீறல் என்றே பெயர். ஓய்வு பெற்ற பிறகும் டார்ச்சை விடவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் மேடையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்ப்பதற்கு முன் நாற்காலியைத்தான் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் தன் மகளைக் கட்டிக் கொடுத்தபோது, தான் உயிராக வைத்திருந்த விலை உயர்ந்த வாட்ச்சையும் கழற்றி மாப்பிள்ளை கையில் கட்டினார். "ஒரு கீறல் விழாம பாத்துக்குங்க மாப்ள" என்றார். மறுநாளே மாப்பிள்ளை அவருடைய காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று வாசல் கேட்டில் ஒரு விரல் நீளத்துக்கு உரசிவிட்டான். கொடுத்த வாட்ச்சைத் திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை என்பதால் மாமனார் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஆரம்பித்தது இந்த வாத்து டம்ளர். ஒவ்வொரு தடவை வரும்போதும் உட்காருவதற்கு முன்பே மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. "இன்னும் இல்ல" என்பார்.

அந்த 'இன்னும்' இருக்கிறதே, அது அவனைத் தூங்கவிடாது.

இப்போது என்ன ஆகிவிட்டது என்றால், வாட்ச்சின் தோல் பட்டை அறுந்துவிட்டது. பேக்கரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பெருமை காட்ட அதைக் கட்டிக்கொண்டே மாவு பிசைந்திருக்கிறான். மாவு பட்டைக்குள் இறங்கிப் புளித்து, காய்ந்து, தோல் அப்பளமாகிவிட்டது. கையை மடக்கினான். படக்கென்று இரண்டாகிவிட்டது. தெருமுனை வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுக்கலாம் என்றால், அவர் மாமனாரின் சீட்டாட்டக் கூட்டாளி. கொடுத்த அரை மணி நேரத்தில் செய்தி போய்விடும். வாட்ச் கம்பெனிக் கடையிலோ வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். மாமனார் நாளைக் காலை வருகிறார்.

"நம்மளே மாத்திரலாம் அத்தான். ஊதித் தள்ற வேலை" என்றான் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. எதையும் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்கிறவன். அதையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நடுநடுவே தள்ளித் தள்ளிப் பார்ப்பான். போன மாதம் அப்படிப் பார்த்துத்தான் வாஷிங் மெஷினைப் பிரித்தான். அது இப்போதும் ஓடுகிறது, ஆனால் அறையை விட்டு அறைக்கு.

"அதே பழுப்பு நிறத்துல பட்டை வாங்கிட்டு வந்துட்டேன். பட்டையப் பிடிச்சிருக்கிற பின்ன கழட்டற முள்ளும் வாங்கிட்டேன். அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

"கீறல் விழுந்துச்சுன்னா?"

"விழாது அத்தான். சுத்தி செலோ டேப் ஒட்டிரணும். அதுதான் ரகசியமே."

அப்போதுதான் மனைவி வேலையிலிருந்து வந்தாள். அவள் தியேட்டர் நர்ஸ். சினிமா தியேட்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர். சாப்பாட்டு மேஜையில் வாட்ச்சையும் முள்ளையும் பக்கத்தில் தம்பியையும் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ரெண்டு பேரும் கைய எடுங்க. அங்க வேணாம், சமையலறைக்கு வாங்க. அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு. செய்யறதுன்னா ஒழுங்கா செய்யணும்."

ஒழுங்கு என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். சமையலறை மேஜையைத் துடைத்தாள். மூவருக்கும் குளிக்கும்போது போடுகிற பிளாஸ்டிக் தொப்பி. மூவருக்கும் கையுறை. கதவைச் சாத்தினாள். பிறகு ஒவ்வொரு பொருளையும் தொட்டு உரக்க எண்ணினாள்.

"முள்ளு ஒண்ணு. டேப் ஒண்ணு. கிண்ணம் ஒண்ணு. வாட்ச்சுக்குள்ள பின்னு ரெண்டு. எல்லாருக்கும் கேட்டுச்சா? உள்ள வந்தது எல்லாம் கடைசில எண்ணிக்கைல வரணும். வர்ற வரைக்கும் யாரும் ரூம விட்டு வெளிய போகக் கூடாது, கையுறைய கழட்டக் கூடாது. இது என் சட்டம் இல்ல, தியேட்டர் சட்டம்."

"அக்கா, இது வாட்ச்சுக்கா."

"வயித்துக்குள்ள கத்திரிக்கோல விட்டவனும் இப்படித்தான் சொல்லியிருப்பான்."

ரொட்டி மாஸ்டருக்கு இது பிடித்திருந்தது. இவ்வளவு பத்திரமாக அவனை யாரும் எதையும் செய்யவிட்டதில்லை. அடுப்படி மேடையில் அவன் மத்தியானமே பிசைந்து வைத்த ரொட்டி மாவு அகலக் கிண்ணத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. மாமனாருக்கு அவனிடம் பிடித்த ஒரே விஷயம் அவன் போடும் ரொட்டி. அதிலும் மேலே பிளேடால் கோடு போட்டிருப்பதை அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

"அடியில விரிக்க மெத்துனு ஒரு துணி வேணும்" என்றாள் அவள். மச்சான் எங்கிருந்தோ ஒரு துணியை எடுத்து விரித்தான். வாட்ச்சைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். பட்டை மாட்டும் நாலு காதுகளிலும் ரொட்டி மாஸ்டர் டேப் ஒட்டினான். தடியான விரல், அதன் மேல் கையுறை. டேப் வாட்ச்சில் ஒட்டியதைவிட அவன் மேல் ஒட்டியதுதான் அதிகம். மூக்கில் ஒரு துண்டு கடைசி வரை இருந்தது. யாரும் சொல்லவில்லை.

"முள்ளு" என்று கையை நீட்டினான் மச்சான்.

"முள்ளு" என்று அவன் உள்ளங்கையில் பட்டென்று வைத்தாள் அவள்.

பட்டைக்கும் காதுக்கும் நடுவே முள்ளை நுழைத்து, பின்னின் முனையை உள்ளே தள்ளினான். தள்ளியதும் முனை ஸ்பிரிங்கோடு அமுங்கியது. பட்டை கையோடு வந்துவிட்டது. முதல் பின் கிண்ணத்தில் விழுந்தது. வாட்ச்சில் கீறல் இல்லை.

"பாத்தீங்களா? இப்ப வீடியோல இந்த இடத்துல அந்த ஆளு ஏதோ பிளாஸ்டிக் பைக்குள்ள வாட்ச்ச போட்டுக் காமிச்சான். எதுக்குன்னு தெரியல, தள்ளிட்டேன்."

இரண்டாவது பின்னை அமுக்கினான்.

எதுக்கு என்று அப்போது தெரிந்தது.

'ட்டிங்' என்று ஒரு சத்தம், மேலே தொங்கிய வாணலியிலிருந்து. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. தரையில் விழுந்த சத்தமும் இல்லை. மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு வாணலியைப் பார்த்தார்கள்.

"யாரும் அசையாதீங்க" என்றாள் அவள்.

பிறகு தேடினார்கள். மேஜைக்கு அடியில், மிக்ஸிக்குப் பின்னால், உப்பு ஜாடிக்குள், எல்லா இடத்திலும். ரொட்டி மாஸ்டர் ஃப்ரிட்ஜுக்கு அடியில் கன்னத்தைத் தரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தான். காணாமல் போன ஒரு கரண்டி, ஒரு காய்ந்த எலுமிச்சை, போன வருஷம் தொலைந்ததாகச் சொன்ன மச்சானின் பல் கிளிப் எல்லாம் கிடைத்தன. பின் கிடைக்கவில்லை.

"அய்யோ என் கிளிப்பு!"

"அது எண்ணிக்கைல இல்ல. வெளிய வை" என்றாள் அவள். தம்பியின் பாக்கெட்டைக் கவிழ்த்தாள். புருஷனின் தொப்பியைக் கழற்றித் தலைமுடியை விலக்கிப் பார்த்தாள். காதுக்குள்ளும் பார்த்தாள்.

"என்னங்க, வாய தொறங்க."

"நான் ஏன்டி முழுங்கப் போறேன்?"

"வாய தொறந்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

திறந்தான். இல்லை.

அப்போதுதான் அவன் கண் மாவின் மேல் போனது. மாவு கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிக் குண்டாக எழும்பி நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அமுங்கிப் போய்விடும். அப்புறம் ரொட்டி செங்கல்தான்.

"டேய், மாவு மேல மூடியிருந்த துணி எங்கடா?"

"வாட்ச்சுக்கு அடியில இருக்கு அத்தான். நல்லா மெத்துனு இருந்துச்சு."

"அடப்பாவி! மேல் தோல் காஞ்சிருக்குமேடா!" தொட்டுப் பார்த்தான். நல்ல வேளை, காயவில்லை. அவனுக்கு உயிர் வந்தது. "ஏய், நான் இத உடனே உருட்டி வைக்கணும். கையுறைய கழட்டிக்கறேன்."

"எண்ணிக்கை சரியாச்சா?"

"இல்ல."

"அப்ப கழட்டக் கூடாது."

"கையுறை போட்டு எவனாவது மாவு உருட்டுவானா? கைக்குத் தெரியணும்டி அது!"

"வேணும்னா புதுக் கையுறை தர்றேன்."

பழையதன் மேலேயே புதியதை மாட்டிவிட்டாள். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையுறையோடு, அதுவும் இரண்டு உறையோடு, மாவைத் தொட்டான். சளிபிடித்த மூக்கால் பூவை முகர்கிற மாதிரி இருந்தது. கையில் ஒன்றுமே தெரியவில்லை. மடித்தான், அமுக்கினான், உருட்டினான், மேலே பிளேடால் கோடு கிழித்து ரொட்டி அடுப்புக்குள் தள்ளினான். திரும்பவும் ஃப்ரிட்ஜுக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

ரொட்டி வாசம் வரத் தொடங்கிய நேரத்தில் வாசல் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு இன்னொரு சாவி வைத்திருப்பவர் ஒருவர்தான்.

"அம்மாடி! யாரும் இல்லையா? ஏன் சமையலறை சாத்தியிருக்கு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா, நாளைக்குக் காலைலதானே வர்றேன்னீங்க?" என்றாள் அவள் கதவு வழியாக.

"காலைல ரோட்டுல நெரிசல். எவனாவது கார ஒரசிட்டுப் போயிருவான். அதான் இன்னைக்கே கெளம்பிட்டேன். உள்ள என்ன நடக்குது?"

"ஆபரேஷன்ப்பா" என்றான் மச்சான். அவனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவே தெரியாது.

"யாருக்கு?"

மச்சான் அக்காவைப் பார்த்தான்.

"யாருக்குடா?"

"வாட்ச்சுக்கு."

ரொட்டி மாஸ்டர் ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து தலையை எடுக்கவில்லை. அங்கேயே குடித்தனம் நடத்திவிடலாமா என்று யோசித்தான்.

"கதவத் தொற" என்றார் மாமனார்.

"உள்ள வரலாம்ப்பா, ஆனா வெளிய போக முடியாது. எண்ணிக்கை சரியாகல."

"தொறம்மா."

அவருக்கும் தொப்பி, அவருக்கும் கையுறை. செருப்பைக் கழற்றவைத்து, காலில் இரண்டு பிளாஸ்டிக் பையைக் கட்டி உள்ளே விட்டு, மறுபடி சாத்தினாள். பூப்போட்ட தொப்பியோடு அவர் நேராக மேஜைக்குப் போனார். டார்ச்சை எடுத்தார். ஒரு கண்ணை மூடினார். ரொட்டி மாஸ்டர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மாமா, அது வந்து... பட்டை என் தப்புதான். மாவு பட்டு..."

"மூச்சு விடாதீங்க மாப்ள. கண்ணாடில ஆவி படியுது."

மூச்சை நிறுத்தினான். மாமனார் டேப்பை ஒவ்வொன்றாக உரித்தார். ஒவ்வொரு காதையும் மேலே, உள்ளே, பக்கவாட்டில் பார்த்தார். பின்புறம் பார்த்தார். மச்சான் எச்சில் விழுங்கியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். ரொட்டி மாஸ்டரின் முகம் சிவந்து, பிறகு கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இல்ல" என்றார் மாமனார்.

"என்னப்பா இல்ல?"

"கீறல் இல்ல." டார்ச்சை அணைத்தார். "பட்டை போனா போவுது. பட்டை தேயறதுக்குத்தான் இருக்கு. நானே எத்தனையோ தடவ மாத்திட்டேன். டேப் யாரு ஒட்டினது?"

"நான்தான் மாமா" என்றான் அவன், மூச்சை விட்டு.

"அது தெரியுது. மூக்குல இன்னும் இருக்கு." கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். "நல்லா ஒட்டியிருக்கீங்க."

கல்யாணமானதிலிருந்து அவர் அவனிடம் சொன்ன முதல் 'நல்லா' அது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையுறையால் துடைத்ததில் மாவு கண்ணில் பட்டு இன்னும் கலங்கியது.

"அதெல்லாம் சரிப்பா, ஒரு பின்னு தொலைஞ்சு போச்சு. அது இல்லாம புதுப் பட்டைய எப்படி மாட்டறது?" என்றான் மச்சான்.

மாமனார் புதுப் பட்டையை எடுத்துப் பார்த்தார். அதன் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் அதை இழுத்தார். பட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பின்னின் முனை உள்ளே போனது. விட்டார், வெளியே வந்தது.

"பின்னு இதுலயே இருக்கேடா!"

"அது ஏதோ கட்டின்னு நெனச்சேன்ப்பா. திருப்பிக் குடுத்துரலாமான்னு கூடப் பாத்தேன்."

இரண்டு பக்கமும் 'டிக்', 'டிக்'. முடிந்தது. முள்ளே தேவைப்படவில்லை. மாமனாரே மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கட்டிவிட்டார், கையுறைக்கு மேலேயே.

"சரி வா, போய் உக்காருவோம்" என்று அவர் திரும்பினால், மகள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள்.

"பின்னு?"

"அது இனிமே வேண்டியதே இல்லையேம்மா."

"வேணுமா வேணாமாங்கறது கேள்வியே இல்லப்பா. உள்ள வந்தது எங்க இருக்குன்னு தெரியணும். தெரியாம நோயாளிய அனுப்புவாங்களா?"

மாமனார் யோசித்தார். அவரும் ஆயுள் முழுக்கச் சோதனை வேலை பார்த்தவர். "அது நியாயம்தான்" என்றார். மறுபடி டார்ச்சைப் போட்டார். இப்போது நாலு பேரும் தேடினார்கள். நடுவில் ரொட்டி வெந்து, ரொட்டி மாஸ்டர் அதை எடுத்து ஆறவைத்தான். பொன்னிறம். மேலே அழகான கோடு. சூடாக ஒரு துண்டு வேண்டும் என்று மச்சான் கெஞ்சினான். "ஆறாம வெட்டினா பிசுபிசுன்னு போயிரும். காலைலதான்" என்று அவன் கையில் ஒரு தட்டு தட்டினான்.

கொஞ்ச நேரத்தில் மாமனாரின் தேடுதல் வேகம் குறைந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். பிளாஸ்டிக் பை சரசரத்தது.

"அம்மாடி, நான் வழில எங்கயும் நிறுத்தாம வந்தேன்."

"சரிப்பா."

"எங்கயுமே நிறுத்தலம்மா. எனக்கு அவசரமா போகணும்."

"எண்ணிக்கை, அப்பா."

"எண்ணிக்கை சரியாகலன்னா உங்க ஆஸ்பத்திரில என்னதான் பண்ணுவீங்க?"

"எக்ஸ்ரே எடுப்போம். அதுலயும் இல்லன்னா பெரிய டாக்டர் பொறுப்பு ஏத்துக்கணும்."

"நான் ஏத்துக்கறேன்! இனிமே அந்தப் பின்னால எது நடந்தாலும் பொறுப்பு என்னுது. போதுமா? கதவத் தொறடி!"

திறந்தாள். பூப்போட்ட தொப்பி, காலில் பையோடு அவர் ஓடியதை மச்சான் படம் பிடித்துவிட்டான். அதை அழிக்கச் சொல்லி இன்றுவரை சண்டை.

அன்று சாயங்காலம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. மூன்று கண்ணாடி டம்ளர், ஒரு வாத்து. மாமனார் வாத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கையிலிருந்த வாட்ச்சைப் பார்த்தார்.

"அம்மாடி, மாப்பிள்ளைக்குக் கண்ணாடில குடு."

மனைவி உள்ளே போய் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சுட்டது. விடவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்து, தானே கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் சாய்வாகப் பிடித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தான். வாத்து டம்ளரை மேல்தட்டில் மூலைக்குத் தள்ளினான். படுக்கும்போது மனைவியிடம், "உங்கப்பா நல்லவருடி" என்றான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு பின்னு" என்றாள்.

மறுநாள் காலை அவன் ரொட்டியை அறுத்து முதல் துண்டை மாமனாருக்கு வைத்தான். மாமனார் கடித்தார். பின் கிடைத்தது. அவருடைய முன்பல்லில் ஒரு கீறல் விழுந்தது. எண்ணிக்கை சரி என்று மனைவி சொன்னாள். அவனுக்கு டீ வாத்து டம்ளரில் வந்தது.